நம்பகமான மூன்று வட்டாரங்கள்

காரிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பெட்டி. அதன் பின்னால் அதைவிடப் பெரிய பெட்டி. அப்புறம் தோள்பை, கைப்பை, பிளாஸ்டிக் தாளை வரிந்து வரிந்து சுற்றிய இன்னொரு பெட்டி. எல்லாம் புதுச்சேரி உப்பளம் பகுதியின் வெயிலில் வாசலில் வரிசைகட்டி நின்ற பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வின்சான் இறங்கினான்.

“டேய் கோவிந்து! இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி பாக்குற? நான்தான்டா!”

கோவிந்தசாமியின் கை இஸ்திரிப் பெட்டியின் மேல் இருந்தது. பெட்டி ஒரு காக்கிச் சட்டையின் மேல் இருந்தது. கருகல் நெடி கிளம்பி, பக்கத்தில் துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கித் தூக்குவதற்குள், சட்டையின் முதுகில் படகு மாதிரி ஒரு பழுப்பு அச்சு விழுந்துவிட்டது.

“ஐயையோ, ஏட்டு சட்டைய்யா இது!”

அவன் சட்டையைப் பார்க்கவில்லை. மூன்று இலாகாக்கள் வலைவீசிக் காத்திருக்கும் சர்வதேசக் கடத்தல்காரன், அரைக்கால் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவனைக் கட்டிப்பிடிக்க நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தான்.

அவனைக் கடத்தல்காரன் ஆக்கியதே கோவிந்தசாமிதான்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் கூட்டுப் படையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதுச்சேரியின் எல்லை, வரைபடத்தில் யாரோ மை உதறிய மாதிரி இருக்கும். ஒரு தெருவின் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று ஊருக்கு வெளியே பல இடம் உண்டு. கஞ்சாப் பொட்டலத்தோடு ஓடுகிறவன் ஒரு சாக்கடையைத் தாண்டினால் போதும். துரத்தி வந்த போலீஸ்காரர் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குப் போன் போட வேண்டும். அந்தக் கரை ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள், ஓடினவன் டீயும் வடையும் முடித்துக்கொண்டு கிளம்பியிருப்பான். இந்த அவமானத்தைத் துடைக்கத்தான் உள்ளூர் போலீஸ், அந்தப் பக்கத்துப் போலீஸ், மத்திய ஆட்கள் என்று மூன்றையும் சேர்த்துப் பிசைந்து ஒரு படை உருவாக்கினார்கள்.

‘பிராந்திய போதைப்பொருள் தடுப்பு ஒருங்கிணைந்த கூட்டு நடவடிக்கைக் குழு’ என்ற பெயர் ஒரு பலகையில் அடங்கவில்லை. இரண்டு பலகை அடித்தார்கள். இரண்டாவதில் ‘கூட்டு நடவடிக்கைக் குழு’ மட்டும் தனியாகத் தொங்கியது. தெருவில் போன பெண்கள் அதைக் கூட்டுறவுச் சங்கம் என்று நினைத்து உள்ளே போய் நகைக்கடன் விசாரித்தார்கள். திறப்பு விழாவில் குத்துவிளக்குக்கு ஐந்து முகம், அதிகாரிகள் ஆறு பேர். ஆறாமவர் அன்று சாப்பாட்டுக்கு இருக்கவில்லை.

ஒருங்கிணைந்து அவர்கள் செய்த முதல் காரியம், சட்டைகளைக் கோவிந்தசாமியிடம் போட்டதுதான். ஆபீஸ் இருந்த தெருமுனைக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த வின்சான் வீட்டு மதிலோரம், புங்கமர நிழலில் அவன் வண்டி நின்றது. காலையில் கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைத்து, சாம்பலை ஊதி, பெட்டியின் வயிற்றை நிரப்பினால் சாயங்காலக் கடற்காற்று வரும்வரை அவனுக்கு நெருப்புக்கு முன்னால் வாழ்க்கை. அஞ்சலாட்சி வீடு வீடாகப் போய் மூட்டை எடுத்து வருவாள், தண்ணீர் தெளித்துச் சுருட்டிக் கொடுப்பாள், மடித்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

உள்ளூர் ஏட்டு ராஜவேல்தான் முதலில் ஆரம்பித்தார்.

“யோவ் கோவிந்து, நடைபாதைய அடைச்சி வண்டி போட்டிருக்கியே, மேல கேக்கறாங்க. நான் சமாளிக்கறேன். நீயும் எதனா தகவல் குடுக்கணும். நாலு வூட்டுத் துணி ஒங்கிட்ட வருது. ஒனக்குத் தெரியாததா?”

கோவிந்தசாமிக்கு ஒன்றும் தெரியாது. எந்த வீட்டுத் தலையணை உறையில் எண்ணெய்க் கறை போகாது என்பது தெரியும். அதைச் சொன்னால் ஏட்டு திருப்திப்படுவாரா? வண்டியைத் தூக்கிவிடுவார்களே என்ற பயத்தில், “நோணாங்குப்பம் பக்கம், கழிமொகத்துல, எதோ வந்து எறங்குதுன்னு பேசிக்கறாங்க” என்று சொல்லிவைத்தான். யார் பேசிக்கொண்டார்கள் என்று அவனுக்கே தெரியாது.

அடுத்த வாரம் ஏட்டு வந்து, “பேர் வேணும்யா, பேர் இல்லாத தகவல எவன் மதிப்பான்?” என்றார்.

கோவிந்தசாமி தலையைச் சொறிந்தான். உயிரோடு தெருவில் நடமாடுகிற ஒருத்தன் பேரைச் சொல்ல மனசு வரவில்லை. அவன் நல்லவன், அது அவன் எண்ணம். பார்வை அலைந்து மதிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த வீட்டில் போய் நின்றது. ஜூலை மாதம் வந்தால் இந்த வட்டாரத்துப் பிரெஞ்சுக் குடிமக்கள் வீடுகள் எல்லாம் திறக்கும், கார் வரும், செண்டு மணக்கும், பிள்ளைகள் கொசுவைப் பிரெஞ்சில் திட்டும். வின்சான் வீடு மட்டும் திறக்காது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவன், அம்மா சாவுக்கு வந்து போனதோடு சரி. போன் கூடக் கிறிஸ்துமஸுக்குத்தான்.

“வின்சான்” என்றான் கோவிந்தசாமி.

“சரக்கு பிரான்ஸுலேர்ந்தா?” ஏட்டின் கண் பெரிதாயிற்று.

“இருக்கும்ங்க.”

ஏட்டு அதைக் கூட்டத்தில் ‘நம்பகமான வட்டாரத் தகவல்’ என்று வைத்தார். தகவல் சொன்னவன் யார் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது, அது அந்தத் தொழிலின் தர்மம். உள்ளூர்க்காரனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அந்தப் பக்கத்து சப்-இன்ஸ்பெக்டர் நெடுமாறனுக்கு வயிறு எரிந்தது. அவர் மேடைத் தமிழ் பேசுகிறவர்.

“கோவிந்தசாமி, வின்சான் என்றொரு பேர்வழியைப் பற்றி ஒரு செய்தி எங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது. நீ கேள்விப்பட்டதுண்டா?”

இல்லை என்றால், ஏட்டிடம் சொன்னது பொய் என்று ஆகும். “ஆமாங்கய்யா. நானும் கேள்விப்பட்டேன்.”

“படகா?”

“படகுதாங்க.”

“ஒன்றா, பலவா?”

கோவிந்தசாமி யோசித்தான். அதிகாரியின் முகம் ‘பல’ பக்கமாகச் சாய்ந்திருந்தது. “பலதுங்க.”

மத்திய இலாகாவின் ஹரிகிருஷ்ணன் சென்னையிலிருந்து வந்தவர். வண்டியைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். “லுக், ரெண்டு இன்புட் ஏற்கெனவே இருக்கு. இண்டிபெண்டன்ட்டா ஒரு கன்பர்மேஷன் வேணும். எஸ் ஆர் நோ?” கோவிந்தசாமி ‘எஸ்’ சொன்னான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதுதான் பத்திரமான சொல்.

ஆக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று வட்டாரங்கள் ஒரே செய்தியை உறுதிசெய்தன. மூன்று வட்டாரமும் புங்கமரத்தடியில் ஒரே பனியனைப் போட்டுக்கொண்டு நின்றன.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், கோவிந்தசாமியே நம்ப ஆரம்பித்துவிட்டான். மூன்று பெரிய மனிதர்கள் மூன்று திசையிலிருந்து வந்து கேட்கிறார்கள் என்றால் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? தான் வாய்க்கு வந்ததைச் சொன்னது தற்செயலாக உண்மையாகப் போய்விட்டதோ? இருட்டின பிறகு அந்தப் பூட்டிய வீட்டைத் திரும்பிப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கார் வந்து நின்றது.

அன்று மத்தியானம் அஞ்சலாட்சி கானாங்கெளுத்திக் குழம்பு வைத்திருந்தாள். அவன் சோற்றைப் பிசைந்தானே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“இன்னாய்யா ஆச்சி ஒனக்கு? ஃபிரண்டு வந்திருக்கான், மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு? அந்தச் சட்டைய கருக்கினதுக்கா, வேற எதனா?”

அவன் சொன்னான். சோறு காய்ந்து விரலில் ஒட்டும்வரை சொன்னான். அவள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

“பூட்டின வூட்டு மேல பழி போட்டா யாருக்கும் வலிக்காதுன்னு நெனைச்சிட்டியா?”

“வூட்டுல ஒண்ணும் கெடைக்காதுமே. தேடிப் பாத்துட்டுப் பூடுவாங்க.”

“எங்க பூடுவாங்க? ரெண்டு போர்டு, மூணு வண்டி, மாலை, மேளம் எல்லாம் போட்டுட்டு வெறுங்கையோட பூடுவாங்களா? கெடைக்கலன்னா கெடைக்க வெப்பாங்கய்யா. ஜாமீன் இல்லாத கேசுன்னு டிவில சொல்றான்.” அவள் குரல் திடீரென்று இறங்கியது. “அந்தாண்ட பாரு.”

அவன் பார்த்தான். கதவோரத்து ஆணி. வின்சான் வீட்டுச் சாவி இத்தனை வருஷமும் அங்கேதான் தொங்கியது. இன்று காலைதான் அவள் கழற்றிக் கொடுத்தாள்; ஆணியைச் சுற்றிச் சுவரில் சாவி உரசிய வட்டம் மட்டும் இருந்தது.

“வாரத்துக்கு ஒரு நாள் தொறந்து கூட்டி மெழுகி மூடினது ஆரு? நான். வூட்டைக் காட்டினது நீ, வூட்டைக் காத்தது நான். அவரைப் புடிச்சா அடுத்தாப்புல ஆரைப் புடிப்பாங்க?”

கோவிந்தசாமிக்கு அது தோன்றவே இல்லை. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினான். அன்றிலிருந்து அவன் அடிக்கடி கொல்லைப்பக்கம் ஓட ஆரம்பித்தான்.

சாயங்காலம் வின்சான் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. சாக்லேட், பாலாடைக்கட்டி, அஞ்சலாட்சிக்கு ஒரு சால்வை. உப்பளத்தில் சால்வையை என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை.

“இனிமே இங்கதான்டா. சாமான் செட்டோட வந்துட்டேன். பொஞ்சாதி அலெக்சாந்த்ரா பிரிஞ்சி பூட்டா. தனியா அந்தக் குளுருல என்னாத்த பண்றது? காலைல எழுந்தா பேச்சுத் தொணைக்கு ரேடியோதான். இங்கன்னா ஜன்னலத் தொறந்தா நீ நிக்கிற.” அவன் ஒரு செண்டுப் புட்டியைத் திறந்து கோவிந்தசாமியின் கழுத்திலும் அக்குளிலும் கைநிறைய அடித்தான். “நல்லா மணக்குதா?”

“மணக்குது” என்றான் கோவிந்தசாமி. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

“தங்கச்சி, அந்த ஓரமா இருக்கற டப்பாவ எடும்மா. முட்டி வலி கொல்லுது.”

டப்பா நிறைய மாத்திரை அட்டைகள். அட்டை அட்டையாக அடுக்கியிருந்தது. கோவிந்தசாமியின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. “இன்னா மாத்திரைடா இது, இவ்ளோ?”

“சும்மா குடுக்க மாட்டான்டா இத. பலமான மருந்து. பட்டாளத்துல குண்டடி பட்டவனுக்குக் குடுக்கறது. போட்டா அப்படியே பஞ்சு மேல மெதக்கற மாதிரி இருக்கும்.”

“டாக்டர் சீட்டு இருக்கில்ல?”

“இருந்துச்சி. அந்த வூட்டக் காலி பண்ற அவசரத்துல எங்க வெச்சேனோ. இங்க எவன்டா கேக்கப் போறான்?”

அஞ்சலாட்சி டப்பாவை மூடினாள். மூடின கை மூடிமேலேயே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கருகிய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கோவிந்தசாமி ஏட்டைத் தேடிப் போனான். டீக்கடையில் இருந்தார்.

“ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க.”

ஏட்டு சட்டையை விரித்துப் பார்த்தார். “இன்னாயா, முதுகுல படகு ஓடுது?”

“அது இல்லீங்கய்யா. வின்சான் விஷயம். அது பொய்யிங்க. நான் சும்மா சொன்னதுங்க.”

ஏட்டு டீ கிளாசை வைத்தார். மூக்கை உறிஞ்சினார். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து அவன் கழுத்தில் மோந்து பார்த்தார்.

“பிரெஞ்சு செண்டு.”

“ஐயா—”

“அவன் வந்து எறங்கி ஒரு ராத்திரிதான் ஆவுது. அதுக்குள்ள செண்டு. நாளைக்கு இன்னா, வாட்சா? யோவ், ஒன்ன நான் எம்மா நம்பினேன்! நீ பல்டி அடிக்கிறதே போதும்யா எனக்கு. விஷயம் உண்மைன்னு இப்பத்தான் நூத்துக்கு நூறு தெரிஞ்சிபோச்சி.”

“சத்தியமா பொய்யிங்கய்யா!”

“நீ ஒருத்தன் சொல்லியா நாங்க கெளம்பறோம்? இன்னும் ரெண்டு எடத்துலேர்ந்து வந்திருக்கு. அவனுங்களும் பொய்யா?”

“அது யாருங்க?”

“அதெல்லாம் கேக்கக் கூடாது. நாங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்க மாட்டோம். ரகசியம்.”

கோவிந்தசாமி அக்கம்பக்கம் பார்த்தான். “ஐயா, அந்த ரெண்டும் நான்தாங்க.”

ஏட்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், இவன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து மெல்ல நிறுத்தினார். அந்த முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடிவதைக் கோவிந்தசாமி பார்த்தான். ஏட்டுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவர் அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

“இந்தாய்யா. இத நீ இன்னொரு தரம் எங்கயாவது வாயத் தொறந்து சொன்ன, அந்த மாத்திரைக்காரன் பக்கத்துல ஒனக்கும் ஒரு எடம் போட்டுடுவேன்.”

மாத்திரை என்று இவன் சொல்லவே இல்லை. சுங்கத்தில் பெட்டியைத் திறந்தபோதே யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நெடுமாறனிடம் போனான். அவர் காது கொடுத்துக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, “அச்சுறுத்தலுக்கு அஞ்சாதே, கோவிந்தசாமி. மூன்று துறைகளின் ஒற்றுமையைக் குலைக்க நினைப்பவர்களின் சதி இது. உனக்குப் பாதுகாப்பாக மாலையிலிருந்து ஒரு காவலரை நிறுத்துகிறேன்” என்றார். நிறுத்தவும் செய்தார். அந்தக் காவலர் அவன் எங்கே போனாலும் பின்னால் வந்தார், கொல்லைப்பக்கம் உட்பட. ஹரிகிருஷ்ணனைப் பார்க்கவே முடியவில்லை. போனில் மட்டும், “ஆப்பரேஷனுக்குப் பேர் வெச்சாச்சு. நீலக் கழுகு. பேர் வெச்சதுக்கு அப்புறம் ஸ்டாப் பண்ண புரொவிஷன் இல்ல” என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று இடத்துத் துணியும் ஒரே நேரத்தில் வந்தன. மூன்று இடத்திலும் ஒரே பேச்சு: சாயங்காலத்துக்குள் வேண்டும், மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள். அஞ்சலாட்சி மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நாளைக்குத்தான்” என்றாள்.

காற்று அடைத்துப் புழுங்கியது. மேற்கே மேகம் இடித்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. காவலர் புங்கமரத்தில் சாய்ந்து தூங்கினார். கோவிந்தசாமி தன் நண்பனைப் பிடிக்க வருகிறவர்களின் சட்டைகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தான். மடிப்பு கோணிக்கொண்டு போயிற்று. திரும்பத் திரும்பக் கலைத்துத் தேய்த்தான்.

“வூட்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முந்தி நிறுத்தணும்யா” என்றாள் அவள், உதடு அசையாமல். “உள்ள பூந்துட்டா முடிஞ்சுது. அந்த டப்பா ஒண்ணு போதும்.”

“யார்கிட்ட சொல்றது? தனித்தனியா சொன்னா அவனவன் அமுக்கறான்.”

“அப்ப ஒண்ணாச் சொல்லு. மூணு பேரும் ஒண்ணா நிக்கறப்ப, ஊரு பாக்கச் சொல்லு.”

“என்னை வுட்டு வெப்பாங்களா?”

அவள் ஒரு காலரை விரலால் நீவிவிட்டாள்.

அவன் போய் வின்சான் வீட்டுக் கேட்டைத் தட்டினான், இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று. வின்சான் முழங்காலில் துண்டைக் கட்டிக்கொண்டு சன்னல் கம்பிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். “நாளைக்குக் காலைல மீன் வாங்கப் போலாம்டா, நெத்திலி! எண்ணெய்ல மொறுமொறுன்னு!” என்றான். கோவிந்தசாமி சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டான்.

விடிகிற நேரம். பால்காரர் வந்து போயிருந்தார். எதிர்வீட்டு ஜெயம் வாசல் தெளித்துக் கோலப்பொடியைக் கையில் எடுத்தபோது மூன்று வண்டிகள் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் மடிப்புக் கலையாமல் இறங்கினார்கள். எல்லோருக்கும் பின்னால் மூன்று இலாகாவுக்கும் மேலே இருந்த ஒருங்கிணைப்பு அதிகாரி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கினார். இன்னும் சூரியனே வரவில்லை.

கோவிந்தசாமி கேட்டின் குறுக்கே நின்றான். நிற்கிறோம் என்பதே அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. கேட்டுக் கம்பியைப் பின்கையால் பிடித்திருந்ததால் விழவில்லை, அவ்வளவுதான்.

“நவுருயா” என்றார் ராஜவேல், பல்லைக் கடித்துக்கொண்டு.

“மாட்டேங்க.” குரல் கீச்சென்று வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். “எல்லாம் பொய்யிங்க! மூணு பேருக்கும் சொன்னது நான் ஒருத்தன்தான்! வேற ஆளே கெடையாது! இந்த ஏட்டுக்கும் நான்தான், அந்தப் பக்கத்து ஐயாவுக்கும் நான்தான், மெட்ராஸ் சாருக்கும் நான்தான்! வண்டியத் தூக்கிடுவாங்கன்னு பயந்து சொன்ன பொய்யிங்க!”

தெருவில் சன்னல்கள் திறந்தன. ஜெயம் கோலப்பொடியைப் போட்டுவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலு போன் எழும்பியது.

ஒருங்கிணைப்பு அதிகாரி மூன்று பேரையும் பார்த்தார். “யார் இந்த ஆள்?”

கூட்டுப் படை தொடங்கிய நாளிலிருந்து மூன்று இலாகாவும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னது அப்போதுதான்.

“தெரியாது சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். போன்களைப் பார்த்தார். “உங்க சோர்ஸ் பேரு வேணாம். என்ன தொழில்னு மட்டும் சொல்லுங்க.”

ராஜவேல் தொண்டையைச் செருமினார். “துணி… சம்பந்தப்பட்டது சார்.”

“நீங்க?”

“ஜவுளித் துறை, ஐயா” என்றார் நெடுமாறன்.

“நீங்க?”

“கார்மென்ட்ஸ் செக்டார்” என்றார் ஹரிகிருஷ்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதிகாரி மெல்லத் திரும்பி, மதிலோரம் சாக்குப் போட்டு மூடியிருந்த இஸ்திரி வண்டியைப் பார்த்தார். அப்புறம் குனிந்து தன் சட்டை மடிப்பைப் பார்த்தார்.

“யாரும் உள்ள போக வேணாம்” என்றார். “இவன வண்டில ஏத்துங்க.” எந்த வண்டியில் என்று சொல்லவில்லை.

கேட்டுக்கு உள்ளே வின்சான் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. லுங்கி, வெற்று மார்பு, விரலில் காயாத வர்ணம். உள்பக்கமிருந்து கேட்டுக் கம்பியைப் பிடித்தான்.

“ஏன்டா?” என்றான். “ஏன்டா என் பேரு?”

கோவிந்தசாமிக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை. “நீ வரமாட்டேன்னு நெனைச்சேன்டா.”

வின்சான் கம்பியை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனான்.

ராஜவேல் கோவிந்தசாமியின் தோளைப் பிடித்து ஜீப்பில் தள்ளினார். சற்று முன்பு யாருக்கும் தெரியாதவனாக இருந்தவன் இப்போது எல்லோருக்கும் வேண்டியவனாகிவிட்டான். எவன் கையில் இவன் இருக்கிறானோ அவன் எழுதுவதுதான் நடந்தது என்று ஆகும்.

“இவர் எங்கள் எல்லைக்கு உட்பட்ட தகவலாளர்” என்று நெடுமாறன் மறுகையைப் பிடித்து இழுத்து இறக்கி, தன் வண்டியில் ஏற்றினார். கதவு மூடுவதற்குள் ஹரிகிருஷ்ணன் வந்தார். “இது சென்ட்ரல் மேட்டர்.” மறுபடி இறக்கினார்கள். சட்டை தோளில் கிழிந்தது. தெருவே போன் பிடித்துக்கொண்டு முன்னால் நெருக்க, கூட்டத்துக்கும் காக்கிக்கும் நடுவே யாரோ அவன் தலையை அமுக்கி வேறொரு வண்டிக்குள் திணித்தார்கள். கண்ணாடியெல்லாம் கறுப்பு.

“எந்த ஸ்டேஷனுக்கு வந்து கேக்கணும்?” அஞ்சலாட்சியின் குரல். “ஏட்டய்யா! எந்த ஸ்டேஷன்?”

ராஜவேல் நெடுமாறனின் வண்டியைக் காட்டினார். நெடுமாறன் ஹரிகிருஷ்ணனைக் காட்டினார். ஹரிகிருஷ்ணன் போனில் பேசிக்கொண்டே ஏறி, கோவிந்தசாமியின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பின்கண்ணாடியில் தெரு சிறுத்துக்கொண்டே போயிற்று. கோவிந்தசாமி முகத்தைக் கண்ணாடியில் அழுத்தினான். துணி மூட்டை ஏற்றுகிற அவனுடைய பழைய மொபெட் புகை கக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஓட்டியது வின்சான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மாட்டியிருந்தான், வலிக்கிற காலை விறைப்பாக நீட்டியிருந்தான். பின்னால் அஞ்சலாட்சி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நிற்கிற மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனையில் வண்டிகள் பிரிந்தன. ஏட்டின் ஜீப் ஊருக்குள் நேராகப் போயிற்று. நெடுமாறனின் வண்டி மூலக்குளம் பக்கம் திரும்பியது. கறுப்புக் கண்ணாடி வண்டி சென்னைச் சாலைக்கு வளைந்தது.

மொபெட் முனையில் நின்றது. வின்சான் ஒரு காலை ஊன்றி இப்படியும் அப்படியும் பார்த்தான். அஞ்சலாட்சி கையை நீட்டி எதையோ காட்டினாள். நெடுமாறன் அவனைத் தன் வண்டியில் ஏற்றியதைத்தான் அவள் பார்த்திருக்க வேண்டும். இறக்கியதைக் கூட்டம் மறைத்திருக்கும்.

“இங்கடா! டேய்! இந்தப் பக்கம்டா!” கோவிந்தசாமி கண்ணாடியைக் குத்தினான்.

“சத்தம் போடாதே” என்றார் ஹரிகிருஷ்ணன்.

மொபெட் புகையைக் கக்கி உறுமியது. தன்னால் முடிந்த வேகத்தில், இரண்டு பேரையும் சுமந்துகொண்டு, மூலக்குளம் சாலையில் திரும்பிப் போயிற்று.